பொருள் சேமிப்பகம்: அணுகல் நெறிமுறைகளும் அடையாள உறுதிப்பாடும்

பொருள் சேமிப்பகம் என்பது பெயர், உள்ளடக்கம், மீதரவு ஆகிய மூன்றும் சேர்ந்த தனித்தனிப் 'பொருள்'களாகத் தரவை வைத்திருக்கும் கணினிச் சேமிப்பு முறை ஆகும். ஒளிப்படங்கள், காணொளிகள், காப்புப் படிகள், ஆய்வுத் தரவுகள் போன்றவை பெருமளவில் இம்முறையில் சேமிக்கப்படுகின்றன. அமேசான் எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாப்ட் அசூர் பிளாப் ஆகியவை இவ்வகை மேகச் சேவைகள். ஓப்பன்ஸ்டாக் சுவிஃப்ட், செஃப் ஆகியவை நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கணினிகளில் நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள்கள்.

இச்சேமிப்பகங்களுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் இணையத்தின் வழியே தனித்தனியாக வருகிறது. கேட்பவர் யார் என்பதை வழங்கி நேரில் அறிய இயலாது. அவர் ஒரு சாவியை வைத்திருக்கிறார் என்பதை மட்டுமே அதனால் சோதிக்க முடியும். அச்சோதனை எவ்வாறு நடக்கிறது, சாவி பிறர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பவற்றை அமேசான் எஸ்3-ஐ முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

பொருள் சேமிப்பகங்களுக்கு முன்பே வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறைகள் இருந்தன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ் அவற்றுள் ஒன்று. இதில் தொலைவிலுள்ள வட்டு, பயனரின் கணினியிலேயே உள்ள ஒரு கோப்புறையைப் போல இணைக்கப்படும். அதன் எளிய அடையாள முறையில், "இக்கோரிக்கை இன்ன எண்ணுடைய பயனரிடமிருந்து வருகிறது" என்று பயனரின் கணினி சொல்வதை வழங்கி அப்படியே நம்பியது. எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகியின் கீழ் ஒரே கட்டடத்தில் இருந்தவரை இந்த நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 சேவை தொடங்கப்பட்டபோது நிலைமை வேறு. கேட்பவர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். ஒருவருடைய தரவும் அவரை அறியாத மற்றொருவருடைய தரவும் ஒரே சேவைக்குள் இருக்கும். கோரிக்கைகளை ஏற்கும் கணினிகளும் பல. ஒரு பயனரின் முதல் கோரிக்கை ஒரு கணினிக்கும் அடுத்தது வேறொன்றுக்கும் போகலாம். எனவே "இவர் ஏற்கனவே உள்நுழைந்தவர்" என்று நினைவில் வைத்திருக்கும் அமர்வு முறை இதற்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் தன் சான்றைத் தானே சுமந்து வர வேண்டியிருந்தது.

அணுகல் நெறிமுறை

பெரும்பாலான பொருள் சேமிப்பகங்கள், வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் அதே எச்டிடிபி நெறிமுறையையே பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இணைய முகவரி உண்டு. அம்முகவரியின் மீது செய்யப்படும் செயல், எச்டிடிபியின் வினைச்சொல்லால் குறிக்கப்படுகிறது.

- கெட்: பொருளை எடுத்தல்
- புட்: பொருளை வைத்தல், அல்லது பழையதன் இடத்தில் புதியதை வைத்தல்
- ஹெட்: உள்ளடக்கத்தை விடுத்து மீதரவை மட்டும் பெறுதல்
- டெலீட்: பொருளை நீக்குதல்
- போஸ்ட்: பல பொருள்களை ஒரே கோரிக்கையில் நீக்குதல், பெரிய பதிவேற்றத்தைத் தொடங்குதல் போன்ற பிற செயல்கள்

பொருள்கள் ஒரு கொள்கலனுக்குள் வைக்கப்படும். எஸ்3-இலும் கூகுளிலும் அது பக்கெட் எனப்படும். சுவிஃப்ட்டிலும் அசூரிலும் கன்டெய்னர் எனப்படும். கொள்கலனுக்குள் கோப்புறைகள் கிடையாது. 'படங்கள்/2024/கோயில்' என்ற பெயரில் உள்ள சாய்கோடுகளும் பெயரின் எழுத்துகளே. பார்வையிடும் மென்பொருள்கள்தாம் அவற்றைக் கோப்புறைகள் போலக் காட்டுகின்றன. எஸ்3-இல் ஒரே புட் கோரிக்கையில் 5 ஜிபி வரை அனுப்பலாம். அதைவிடப் பெரியவை துண்டுகளாக்கி அனுப்பப்படுகின்றன. ஒரு பதிவேற்றத்தில் அதிகபட்சம் 10,000 துண்டுகள் இருக்கலாம். ஒவ்வொரு துண்டும் தனிக் கோரிக்கை என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று தேவை.

எஸ்3-இன் நெறிமுறை காலப்போக்கில் பொது வழக்காகிவிட்டது. செஃப் மென்பொருளின் ராடோஸ் கேட்வே, எஸ்3 நெறிமுறை, சுவிஃப்ட் நெறிமுறை ஆகிய இரண்டிலும் பேசும். மினியோ போன்ற மென்பொருள்கள் எஸ்3 நெறிமுறையையே பின்பற்றி எழுதப்பட்டவை. இதனால் எஸ்3-க்காக எழுதப்பட்ட ஒரு செயலியை, முகவரியையும் சாவிகளையும் மாற்றி வேறொரு சேமிப்பகத்துடன் பெரும்பாலும் இணைத்துவிடலாம்.

அடையாளமும் அனுமதியும்

கோரிக்கை வந்ததும் வழங்கி இரண்டு கேள்விகளுக்கு விடை காண்கிறது. கேட்பவர் யார் என்பது முதல் கேள்வி. இது அடையாள உறுதிப்பாடு. அவர் கேட்கும் செயலைச் செய்ய அவருக்கு உரிமை உண்டா என்பது இரண்டாவது, இது அனுமதியளிப்பு. வங்கியில் காசோலையின் கையெழுத்தைச் சரிபார்ப்பதும், கணக்கில் பணம் உள்ளதா என்று பார்ப்பதும் வெவ்வேறு வேலைகளாக இருப்பதைப் போன்றது இது. எஸ்3-இல் இரண்டில் எது தவறினாலும் 403 என்ற எண்ணுடன்தான் பதில் வரும். பதிலுடன் வரும் பிழைப் பெயரைப் பார்த்தே எது தவறியது என்று அறிய முடியும். கையொப்பம் பொருந்தவில்லை என்பது முதல் வகை. அணுகல் மறுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் இரண்டாம் வகை.

மற்றொரு நுட்பமும் உண்டு. பக்கெட்டில் உள்ளவற்றைப் பட்டியலிடும் உரிமை இல்லாத ஒருவர், அங்கு இல்லாத ஒரு பொருளைக் கேட்டால் எஸ்3 404 என்று சொல்லாமல் 403 என்றே சொல்லும். ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட உரிமையற்றவர் அறியக்கூடாது என்பதே காரணம்.

கையொப்ப முறை

கடவுச்சொல்லைக் கோரிக்கையுடன் அனுப்புவது எளிய வழி. ஆனால் வழியில் அதைக் கண்டவர் எவரும் பின்னர் எதையும் செய்யலாம். எஸ்3 இதைத் தவிர்க்கிறது. பயனருக்கு இரண்டு சரங்கள் தரப்படுகின்றன. ஒன்று அணுகல் சாவியின் அடையாள எண். இது 20 எழுத்துகள் கொண்டது, கோரிக்கையில் வெளிப்படையாகவே செல்லும். மற்றொன்று 40 எழுத்துகள் கொண்ட இரகசியச் சாவி. இது ஒருபோதும் கோரிக்கையில் அனுப்பப்படுவதில்லை. இரகசியச் சாவியைக் கொண்டு கோரிக்கையின் மீது ஒரு கையொப்பம் கணக்கிடப்பட்டு, அக்கையொப்பம் மட்டும் அனுப்பப்படுகிறது.

இதன் அடிப்படை எச்மேக் என்னும் கணிப்பு முறை. 1997-இல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய ஆவணமாக இது வெளியிடப்பட்டது. எச்மேக், ஹாஷ் என்னும் கணிப்பின் மேல் கட்டப்பட்டது. எவ்வளவு நீளமான தரவைக் கொடுத்தாலும் நிலையான நீளமுள்ள ஒரு சுருக்கத்தை ஹாஷ் தரும். தரவில் ஓர் எழுத்து மாறினாலும் சுருக்கம் முற்றிலும் மாறிவிடும். எச்மேக் இக்கணிப்பில் ஓர் இரகசியத்தையும் சேர்க்கிறது. இரகசியம் தெரியாதவரால் சரியான விடையை உருவாக்க முடியாது. விடையைப் பார்த்து இரகசியத்தைக் கண்டுபிடிக்கவும் இயலாது.

எஸ்3-இன் இன்றைய கையொப்ப முறை நான்காம் பதிப்பு ஆகும். அது பின்வரும் படிகளில் நடக்கிறது.

முதலாவதாக, கோரிக்கை ஒரு சீர்வடிவில் எழுதப்படுகிறது. வினைச்சொல், முகவரிப் பாதை, வினவல் பகுதி, தலைப்பு வரிகள், உள்ளடக்கத்தின் ஷா-256 ஹாஷ் ஆகியவை குறித்த வரிசையில் அமைகின்றன. பயனரும் வழங்கியும் தனித்தனியே கணக்கிட்டாலும் ஒரே எழுத்து வரிசை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சீர்வடிவம்.

இரண்டாவதாக, அச்சீர்வடிவத்தின் ஹாஷுடன் நேரமும் எல்லையும் சேர்க்கப்படுகின்றன. எல்லை என்பது நாள், வட்டாரம், சேவை ஆகியவற்றைக் குறிக்கும். 2024 மார்ச் 5, மும்பை வட்டாரம், எஸ்3 சேவை என்பது போல.

மூன்றாவதாக, இரகசியச் சாவியிலிருந்து ஒரு கையொப்பச் சாவி வருவிக்கப்படுகிறது. இரகசியச் சாவியும் நாளும் சேர்ந்து ஒரு சாவி, அதனுடன் வட்டாரம் சேர்ந்து அடுத்தது, பின் சேவை, இறுதியில் ஒரு முடிவுச் சொல். இவ்வாறு நான்கு முறை எச்மேக் கணக்கிடப்படுகிறது. கிடைக்கும் சாவி அந்த நாளுக்கும் அந்த வட்டாரத்துக்கும் அந்தச் சேவைக்கும் மட்டுமே பயன்படும். அது வெளியே கசிந்தாலும் மூல இரகசியம் வெளிப்படாது.

நான்காவதாக, இரண்டாம் படியில் அமைந்த சரம் இச்சாவியால் கையொப்பமிடப்படுகிறது. 64 பதினாறடிமான இலக்கங்கள் கொண்ட அக்கையொப்பம் கோரிக்கையின் தலைப்பு வரியில் வைக்கப்படுகிறது.

வழங்கியும் இதே கணக்கைச் செய்து பார்க்கிறது. இரு விடைகளும் ஒன்றாக இருந்தால் அடையாளம் உறுதியாகிறது. காசோலையில் தொகையைத் திருத்தினால் அது செல்லாததைப் போல, கையொப்பமிட்ட கோரிக்கையின் முகவரியையோ உள்ளடக்கத்தையோ வழியில் மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. கோரிக்கையின் நேரம் வழங்கியின் கடிகாரத்திலிருந்து 15 நிமிடங்களுக்கு மேல் விலகியிருந்தாலும் அது ஏற்கப்படாது. பழைய கோரிக்கையைப் பிடித்துவைத்துப் பின்னர் மீண்டும் அனுப்பும் ஏமாற்று வேலையை இது கட்டுப்படுத்துகிறது. அந்த 15 நிமிடங்களுக்குள்ளும் ஒருவர் கோரிக்கையைப் பிடித்துவிடாமல் காப்பது குறியாக்கம் செய்யப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பின் பணி.

இதற்கு முந்தைய இரண்டாம் பதிப்பில் நாள், வட்டாரம் ஆகிய எல்லைகள் இல்லை. மூல இரகசியமே நேரடியாகக் கையொப்பமிடப் பயன்பட்டது. 2014-இல் தொடங்கப்பட்ட பிராங்பேர்ட் வட்டாரம் நான்காம் பதிப்பை மட்டுமே ஏற்றது. 2020 சூன் 24-க்குப் பின் உருவாக்கப்பட்ட பக்கெட்டுகள் இரண்டாம் பதிப்பை ஏற்பதில்லை.

கையொப்பம் பொருந்தாமல் போகும் இடங்கள்

இம்முறையைத் தாங்களே நிரலாக எழுதிப் பார்ப்பவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் கையொப்பம் பொருந்தவில்லை என்ற பிழையே. சாவி சரியாக இருந்தும் இப்பிழை வரக்கூடும். பொதுவான காரணங்கள் சில:

- பெயரில் உள்ள இடைவெளியைக் குறியிடுவதில் வேறுபாடு. சீர்வடிவில் அது விழுக்காட்டுக் குறியுடன் 20 என்று எழுதப்பட வேண்டும். கூட்டல் குறியாக எழுதினால் பொருந்தாது. தமிழ்ப் பெயர்களும் இவ்வாறே யுடிஎஃப்-8 முறையில் குறியிடப்பட வேண்டும்.
- வட்டாரத்தின் பெயர் தவறாக இருத்தல்.
- இடையிலுள்ள பதிலி வழங்கி ஒரு தலைப்பு வரியை மாற்றிவிடுதல்.
- சாவியை நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளியோ புதுவரியோ சேர்ந்துவிடுதல்.

கணினியின் கடிகாரம் பிழையாக ஓடினால் வேறொரு பிழை வரும். நேர வேறுபாடு மிகுதி என்று வழங்கி சொல்லும். மெய்நிகர்க் கணினியை நிறுத்திவைத்து மீண்டும் இயக்கும்போது இது நேர்வதுண்டு.

டோக்கன் முறை

ஓப்பன்ஸ்டாக் சுவிஃப்ட் வேறு வழியைப் பின்பற்றுகிறது. ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் 2010-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் திட்டத்தின் தொடக்ககாலப் பகுதிகளுள் சுவிஃப்ட்டும் ஒன்று. இங்கு அடையாளத்தைச் சோதிக்கும் வேலை கீஸ்டோன் என்னும் தனிச் சேவையிடம் விடப்படுகிறது. பயனர் முதலில் கீஸ்டோனிடம் தன் பெயர், கடவுச்சொல், திட்டம் ஆகியவற்றைக் கொடுக்கிறார். கீஸ்டோன் ஒரு டோக்கனையும், எந்தச் சேவை எந்த முகவரியில் உள்ளது என்ற பட்டியலையும் தருகிறது. அதன்பின் சுவிஃப்ட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த டோக்கன் ஒரு தலைப்பு வரியாக இணைக்கப்படுகிறது. டோக்கனுக்கு ஆயுட்காலம் உண்டு. அது முடிந்ததும் புதியது வாங்க வேண்டும்.

கூகுள் கிளவுட் ஸ்டோரேஜும் முதன்மையாக ஓஆத் 2.0 வகை டோக்கன்களைப் பயன்படுத்துகிறது. எஸ்3-க்காக எழுதப்பட்ட செயலிகளுக்கு உதவ, எச்மேக் சாவிகளையும் அது ஏற்கிறது.

இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. கையொப்பம் காசோலை போன்றது. அதில் எழுதப்பட்ட ஒரு செயலுக்கு மட்டுமே செல்லும். டோக்கன் திரையரங்கச் சீட்டு போன்றது. கையில் வைத்திருப்பவர் எவரோ அவர் உள்ளே போகலாம். டோக்கனைக் கையாள்வது எளிது; நிரலில் சீர்வடிவம், ஹாஷ் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் அது வழியில் பறிபோனால், ஆயுள் முடியும்வரை பறித்தவர் உரியவரைப் போலவே நடக்கலாம். எனவே டோக்கன் முறைக்கு எச்டிடிபிஎஸ் இன்றியமையாதது.

முன்கையொப்பமிட்ட முகவரி

சாவி இல்லாத ஒருவருக்கு ஒரு பொருளை மட்டும் சிறிது நேரம் தர வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. ஒரு கல்வித் தளம் பதிவுசெய்த மாணவருக்கு மட்டும் ஒரு காணொளியைக் காட்ட விரும்புகிறது எனக் கொள்வோம். காணொளியைத் தன் வழங்கி வழியாக அனுப்பினால் சுமை கூடும். பக்கெட்டைப் பொதுவில் திறந்தால் எவரும் எடுத்துவிடலாம். மாணவருக்குச் சாவியைக் கொடுப்பது அதைவிடத் தவறு.

இதற்கான தீர்வு முன்கையொப்பமிட்ட முகவரி. தளத்தின் வழங்கி, குறித்த பொருளுக்கான கெட் கோரிக்கைக்குத் தானே கையொப்பமிட்டு, கையொப்பத்தையும் காலக்கெடுவையும் முகவரியின் பகுதியாகவே சேர்த்து மாணவரின் உலாவிக்கு அனுப்புகிறது. உலாவி அம்முகவரியைக் கொண்டு நேராகச் சேமிப்பகத்திடம் செல்கிறது. பதிவேற்றத்துக்கும் இவ்வாறே புட் கோரிக்கைக்கான முகவரியைத் தரலாம். எஸ்3-இன் நான்காம் பதிப்பில் இதன் உச்சக் காலக்கெடு 7 நாள்கள். தற்காலிகச் சாவியால் கையொப்பமிட்டிருந்தால், அச்சாவியின் ஆயுள் முடிந்ததும் முகவரியும் செயலிழக்கும். சுவிஃப்ட்டில் இதற்கு இணையானது டெம்ப்யூஆர்எல்; அசூரில் பகிர்வு அணுகல் கையொப்பம், சுருக்கமாக எஸ்ஏஎஸ்.

இம்முகவரியைப் பெற்றவர் அதை மற்றவருக்கு அனுப்பினால், அவருக்கும் அதே உரிமை கிடைக்கும். தரப்பட்ட பின் ஒரு முகவரியை மட்டும் தனியே திரும்பப் பெறுவதும் எளிதல்ல; அதற்குக் கையொப்பமிட்ட சாவியை முடக்குவதே பெரும்பாலும் வழி. 2023 செப்டம்பரில் விஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட நிகழ்வு இதை உணர்த்துகிறது. மைக்ரோசாப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் குழு, பயிற்சித் தரவைப் பகிர்வதற்காகக் கிட்ஹப் தளத்தில் ஓர் எஸ்ஏஎஸ் முகவரியை வெளியிட்டிருந்தது. ஆனால் அம்முகவரி குறித்த தரவை மட்டுமின்றி முழுச் சேமிப்புக் கணக்கையும் திறந்துவிட்டது. படிக்கும் உரிமையுடன் மாற்றவும் நீக்கவும் கூடிய உரிமையும் அதில் இருந்தது. அதன் காலக்கெடு 2051 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. பணியாளர் கணினிகளின் காப்புப் படிகள் உட்பட 38 டிபி தரவு இவ்வாறு வெளியே தெரிந்தது. வாடிக்கையாளர் தரவு எதுவும் வெளிப்படவில்லை என்று மைக்ரோசாப்ட் தெரிவித்தது. கையொப்பக் கணிப்பில் எந்தக் குறையும் இல்லை. எதற்கு, எவ்வளவு காலத்துக்குக் கையொப்பமிடப்பட்டது என்பதே குறை.

தற்காலிகச் சாவிகள்

நிரலுக்குள் எழுதிவைத்த நிரந்தரச் சாவி, அந்நிரல் பொதுத் தளத்தில் பதிவேற்றப்படும்போது உலகுக்கே தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க, மேகக் கணினியில் இயங்கும் செயலிக்குச் சாவியைத் தராமல், அக்கணினிக்கு ஒரு 'ரோல்' வழங்கப்படுகிறது. செயலி 169.254.169.254 என்ற உள்முகவரியில் உள்ள மீதரவுச் சேவையிடம் கேட்டுத் தற்காலிகச் சாவியைப் பெறுகிறது. இதில் அணுகல் சாவி, இரகசியச் சாவி ஆகியவற்றுடன் ஓர் அமர்வு டோக்கனும் இருக்கும். சில மணி நேரத்தில் இச்சாவி காலாவதியாகி, புதியது தானாகவே வரும்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் 2019-இல் நடந்த ஊடுருவல் இவ்வழியில்தான் நிகழ்ந்தது. தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு பாதுகாப்பு அரணை ஏமாற்றி, அதன் வாயிலாகவே மீதரவுச் சேவையிடம் கேள்வி கேட்கச் செய்து, ஊடுருவியவர் தற்காலிகச் சாவியைப் பெற்றார். அந்த ரோலுக்கு எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் படிக்கவும் உரிமை இருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரின் தகவல்களும் கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரின் தகவல்களும் வெளியேறின. 2020 ஆகத்தில் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று அவ்வங்கிக்கு 8 கோடி டாலர் தண்டம் விதித்தது.

இந்நிகழ்வில் எஸ்3-க்கு வந்த கோரிக்கைகள் அனைத்தும் சரியான சாவியால் கையொப்பமிடப்பட்டவை. அடையாள உறுதிப்பாடு தன் வேலையைச் சரியாகவே செய்தது. சாவியை வைத்திருப்பவர் உரியவரா திருடியவரா என்று சொல்ல அதனால் இயலாது. 2019 நவம்பரில் அமேசான் மீதரவுச் சேவையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதில், முதலில் ஒரு புட் கோரிக்கை அனுப்பி டோக்கன் பெற்று, அதைத் தலைப்பு வரியில் வைத்துக் கேட்டால் மட்டுமே சாவி கிடைக்கும். ஒரு முகவரியைத் திறக்கச் செய்து ஏமாற்றுவது மட்டும் இதற்குப் போதாது.

அனுமதி விதிகள்

சாவி பறிபோன பின்னும் இழப்பைக் கட்டுப்படுத்தக் கூடியவை அனுமதி விதிகளே. எஸ்3-இல் இவை ஜேசன் வடிவிலான கொள்கை ஆவணங்களாக எழுதப்படுகின்றன. யார், எந்தச் செயலை, எந்தப் பொருளின் மீது, எந்த நிபந்தனையில் செய்யலாம் என்பதை ஒவ்வொரு விதியும் கூறும். இவற்றைப் பயனருக்கோ ரோலுக்கோ பக்கெட்டுக்கோ இணைக்கலாம். வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எதுவும் மறுக்கப்படும். வெளிப்படையான ஒரு மறுப்பு எத்தனை அனுமதிகளையும் வெல்லும்.

பக்கெட்டைத் தவறுதலாகப் பொதுவில் திறந்துவிடுவதால் நேர்ந்த கசிவுகள் பல. அங்கு சாவியோ கையொப்பமோ கேட்கப்படுவதே இல்லை. இதைத் தடுக்க, 2018 நவம்பரில் பொது அணுகலை முழுவதும் தடுக்கும் அமைப்பை அமேசான் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகள் அனைத்திலும் அது இயல்பாகவே செயற்பாட்டில் உள்ளது. அதற்கு முன் உருவாக்கப்பட்டவை தாமாக மாறுவதில்லை. அவற்றை உரிமையாளரே சரிபார்க்க வேண்டும்.

நடைமுறை வழிகாட்டல்

பொருள் சேமிப்பகத்தைப் பயன்படுத்தும் செயலிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை பின்வருமாறு:

- இரகசியச் சாவியை நிரலிலும் பொதுக் களஞ்சியங்களிலும் எழுதக்கூடாது. இயன்ற இடங்களில் தற்காலிகச் சாவிகளையே பயன்படுத்த வேண்டும்.
- ஒவ்வொரு செயலிக்கும் அதற்குத் தேவையான பக்கெட்டில், தேவையான செயலுக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். படிக்க மட்டும் வேண்டிய செயலிக்கு நீக்கும் உரிமை தேவையில்லை.
- முன்கையொப்பமிட்ட முகவரிகளுக்கு நிமிடக் கணக்கில் காலக்கெடு வைப்பது நல்லது.
- எச்டிடிபிஎஸ் அல்லாத இணைப்பைக் கொள்கை ஆவணத்திலேயே மறுத்துவிடலாம்.
- எந்தச் சாவி எப்போது எதை எடுத்தது என்ற அணுகல் பதிவேட்டை இயக்கிவைக்க வேண்டும். கசிவு நடந்தபின் என்ன போயிற்று என்று அறிய அதுவே துணை.
- சாவி வெளியே தெரிந்துவிட்டது என்ற ஐயம் எழுந்தவுடன் முதலில் அதை முடக்கிவிட்டுப் பின்னரே காரணத்தை ஆராய வேண்டும். களஞ்சியத்திலிருந்து சாவி உள்ள வரியை நீக்குவது மட்டும் போதாது. பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும்.